அந்தமானில் களப்பயிற்சி: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, காட்டிலும் கடற்கரையிலும் சில மாதம் தங்கி வேலை கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் அந்தமான். சென்னையிலிருந்து சுமார் 1,370 கி.மீ. விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மழைக்காடு, அலையாத்திக் காடு, பவளத்திட்டு மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகளையும் பல்லிகளையும் தவளைகளையும் தங்குமிடத்தைச் சுற்றியே பார்க்கலாம்.

போகும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். களப்பயிற்சியில் உங்கள் வேலை பெரும்பாலும் பதிவுத்தாள் நிரப்புவதுதான். அதே கரை, அதே நடை, அதே அளவுகள், இரவுக்கு இரவு. ஒன்றுமே தென்படாத இரவிலும் நேரம் போட்டு ‘இல்லை’ என்று எழுதியாக வேண்டும். ஆமை வந்த இரவின் தாளுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் இந்தத் தாளுக்கும். இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பவர்கள் சுற்றுலாவாகவே போய்வரலாம். அதில் குறையொன்றும் இல்லை. பயிற்சி என்றால் குறைந்தது இரண்டு மாதம், முடிந்தால் ஒரு பருவம் முழுவதும். முதல் மாதம் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அதற்குப் பிறகுதான் உங்களால் மற்றவர்களுக்குப் பயன் உண்டாகும்.

எங்கே சேருவது?

தெற்கு அந்தமானில் வாண்டூர் என்ற கடற்கரை ஊரில் ஒரு கள நிலையம் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு என்பது முழுப்பெயர். எல்லோரும் ‘ஆனெட்’ என்றே சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிற சென்னை முதலைப் பண்ணைதான் இதைத் தொடங்கியது. இப்போது பெங்களூரைச் சேர்ந்த தக்ஷின் அறக்கட்டளை இதோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஆமை, தவளை, பவளம், மீன்பிடி என்று பலவகை ஆய்வாளர்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்கும் கடலுக்கும் போகிறார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையத்துக்கும் அந்தமானோடு நீண்ட உறவு உண்டு. எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவிகளைக் காக்க, அந்த மையத்தின் ஆய்வாளர் ரவி சங்கரன், குகைகளில் கூடு திருடியவர்களையே காவலுக்கு வைத்தார். அவர் 2009-இல் காலமானார். இந்திய இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றில் அவரது அந்த யோசனைக்கு இணையானவை எனக்கு அதிகம் தெரியாது.

‘எந்த வேலைக்கும் தயார்’ என்று பொதுவாக எழுதிய விண்ணப்பம் எங்கும் எடுபடாது. எந்த உயிரினம், எந்த மாதங்கள், இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள் என்று மூன்றே பத்தியில் எழுதுங்கள். முன்அனுபவம் வேண்டுமென்றால் சென்னையிலேயே கிடைக்கும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஆமை நடை நடத்திவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் அவர்களோடு மணலில் நடந்து பாருங்கள். கால் வலிக்குமா, தூக்கம் கெட்டாலும் மறுநாள் எழ முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த அமைப்பைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர்தான் பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து அந்தமான் ஆமை ஆய்வை நடத்தியவர்.

பெரும்பாலான பயிற்சிகளுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு யார் செலவு, தீவுகளுக்கு இடையிலான கப்பல் கட்டணம் யார் செலவு, விபத்துக் காப்பீடு உண்டா என்பதை எல்லாம் கடிதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எப்போது?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் நவம்பர் வரை மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. பெய்யும். தவளைக்காரர்களுக்கு அதுதான் பருவம். ஏழுவரி ஆமை என்ற பெரிய கடலாமைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. கடல் தெளிந்து பவளம் நன்றாகத் தெரிவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை.

நேரம் வேறு உங்களைக் குழப்பும். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே விடிகாலை நாலரைக்கு நாளைத் தொடங்கப் பழகுங்கள். நண்பகலுக்குள் களவேலை முடிந்துவிட வேண்டும்.

ஆமைக்கரை

ஆமை முகாம் இருக்கும் லிட்டில் அந்தமான் தீவுக்குத் தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து கப்பல். 2024 முதல் போர்ட் பிளேருக்கு அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் இன்னும் பழைய பெயரையும் கேட்கலாம். கப்பல் அந்தத் தீவின் துறைமுகமான ஹட் பே போய்ச் சேர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஆமைக்கரைக்குப் படகில் போக வேண்டும். அலை அனுமதித்தால்தான் கரையேற முடியும். அரிசி, பருப்பு, உருளை, வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் நீங்களே சுமந்து போக வேண்டும். முகாமில் கைபேசி எடுக்காது. வீட்டில் அதை முன்பே சொல்லி வையுங்கள்.

ஏழுவரி ஆமை கடலாமைகளிலேயே பெரியது. ஓடு இல்லை, தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரி. முதுகின் நீளமே சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். இந்தியாவில் அது முக்கியமாக முட்டையிடுவது கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், லிட்டில் அந்தமான் கரைகளில்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தக் கரைகள் பல இடங்களில் மணலே இல்லாமல் போயின. பிறகு சில ஆண்டுகளில் மணல் மெல்லத் திரும்பியது, ஆமைகளும் திரும்பின.

இரவில் நடக்கும்போது விளக்கு வேண்டாம், கண் பழகிவிடும். மணலில் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு தடம் கடலிலிருந்து மேலேறிப் போனால் அப்படியே நின்றுவிடுங்கள். ஆமை குழி தோண்டி முடிக்கும் வரை கிட்டே போகக் கூடாது. பின்துடுப்புகளை மாற்றி மாற்றிக் குழிக்குள் விட்டு மணலை அள்ளி வெளியே வைக்கும். உள்ளே பார்க்காமலே அப்படி ஒரு நேர்த்தி. முட்டை விழத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் அது வேறெதையும் கவனிப்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். சிவப்பு விளக்கைப் போட்டு, பின்பக்கமாகப் போய், நாடாவை நடு வரியை ஒட்டிப் பிடித்து நீளம் எடுக்க வேண்டும், அப்புறம் அகலம். துடுப்பில் உலோகப் பட்டை இருந்தால் எண்ணை ஒருவர் படிக்க, எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல, படித்தவர் மறுபடி சரிபார்க்க வேண்டும். தோளில் மின்சில்லு இருக்கிறதா என்று கருவியை இரண்டு தோளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் அந்த ஆமையின் கதையே வேறோர் ஆமையுடையதாகிவிடும்.

அந்த எண்களால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2011-க்கும் 2014-க்கும் இடையில் லிட்டில் அந்தமானில் பத்து ஆமைகளின் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். சில தென்கிழக்கே ஆஸ்திரேலியா பக்கம் போயின. ஒன்று மேற்கே 13,000 கி.மீ.க்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரை போனது. ஒரு கரையைக் காப்பதில் எத்தனை நாட்டின் கடல் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இதற்கிடையே, 2021-இல் கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா சரணாலயம் என்ற தகுதியை இழந்தது. அங்கே பெரும் சரக்குத் துறைமுகம் கட்டும் திட்டம் இருக்கிறது. ஆமை அங்கே வருகிறது, இத்தனை வருகிறது என்று சொல்லக் கையில் இருப்பது இரவிரவாக நடந்து எழுதிய தாள்கள்தான். அதனால்தான் இந்த வேலையை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

காலையில் இன்னொரு நடை. எந்தக் கூட்டை நாய் தோண்டியது, எதை உடும்பு தோண்டியது, எது அலையில் போனது என்று குறிக்க வேண்டும். முட்டை பொரிக்க இரண்டு மாதம் ஆகும்.

தவளைக்காடு

மழைக்காலத்தில் போகிறவர்களுக்குச் சார்லஸ் டார்வின் தவளை காத்திருக்கிறது. மரப்பொந்தில் தேங்கிய மழைநீர்தான் இதன் தொட்டில். ஆணும் பெண்ணும் பொந்தின் உட்சுவரில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, நீருக்கு மேலே சுவரிலேயே முட்டையிடும்; பொரிந்த தலைப்பிரட்டைகள் நீரில் விழும். எஸ்.டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் இதை 2024-இல் விரிவாக வெளியிட்டார்கள். மரமும் பொந்தும் குறைந்த இடங்களில் நாற்றங்கால் பிளாஸ்டிக் பைகளிலும் வீசியெறிந்த குப்பையில் தேங்கிய நீரிலும் இதே தவளை முட்டையிடுவதையும் அவர்கள் கண்டார்கள். பொந்து தேடும்போது ஏணி, சின்ன டார்ச், பொறுமை மூன்றும் வேண்டும். கையைப் பொந்துக்குள் விடாதீர்கள்.

அங்கே வயல்வெளிகளில் நம்மூர்ப் பெருந்தவளையின் சத்தமும் கேட்கும். அது அந்தமானுக்கு உரியதல்ல. அண்மைக் காலத்தில் மனிதர் வழியாக வந்து பரவியது. அதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். சோதனைத் தொட்டிகளில் இரண்டையும் சேர்த்து விட்டபோது உள்ளூர்த் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. புள்ளிமானும் ஆப்பிரிக்கப் பெருநத்தையும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். புதிதாக ஆய்வுக் கேள்வி தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் பார்ப்பது நல்லது. அரிய விலங்கைத் தேடி அலைவதைவிட இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் தீவுக்கு நேரடியாகப் பயன் உண்டு.

அனுமதியும் எல்லையும்

இந்தியக் குடிமக்கள் அந்தமானுக்குப் போக அனுமதி தேவையில்லை, நிக்கோபாருக்குத் தேவை. ஆனால் காட்டுயிரைத் தொடவோ அளக்கவோ பிடிக்கவோ வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், அதில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும். பெயர் சேர்ந்துவிட்டதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நிலையத்தாரிடம் கேளுங்கள்.

பழங்குடி ஒதுக்ககங்கள் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ் வருபவை. லிட்டில் அந்தமானின் பெரும்பகுதி ஓங்கே மக்களுக்கு உரியது. அவர்கள் நூறு பேரைச் சற்றே தாண்டுவார்கள். உங்கள் ஆய்வு அனுமதி எந்தக் கரையோடு முடிகிறதோ அங்கேயே நில்லுங்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டின் ஊடே போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், பண்டம் கொடுப்பதும் குற்றம். யாராவது வேடிக்கைக்கு உங்களைத் தூண்டினாலும் செய்யாதீர்கள்.

உடம்பு

முதலையை முதலில் சொல்கிறேன். உப்புநீர் முதலை ஓடை முகத்துவாரங்களிலும் அலையாத்தியிலும் இருக்கும், கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக் தீவில் கடலில் இருந்த ஒரு பயணியை அது கொன்றது. இரவில் ஓடையைக் கடக்க வேண்டி வந்தால், உள்ளூர்த் துணை ‘இப்போது வேண்டாம்’ என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பாதி வேலை போனாலும் பரவாயில்லை.

பாம்புக்கடிக்கு நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிப்பது. அந்தமானின் நாகமும் கட்டுவிரியனும் வேறு இனங்கள். ஆகவே கடி வாங்காமல் இருப்பதே சிகிச்சை: மூடிய காலணி, ஆமைக்கரையைத் தவிர மற்ற இடங்களில் கையில் விளக்கு, விறகைக் கோலால் புரட்டிய பிறகே எடுப்பது. எலிக்காய்ச்சல் அங்கே பரவலாக உண்டு. காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். முன்தடுப்பு மாத்திரை பற்றியும் மலேரியா பற்றியும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மணல் ஈ கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகிவிடும்.

பையில் பென்சில் நிறைய இருக்கட்டும். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். நீர் புகாத பை, சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை, அட்டைக்குக் காலுறை, தலைவிளக்குக்கு மாற்று மின்கலம். குடையைவிட மழைச்சட்டை மேல்.

யாரிடம் கற்பது?

ஆனெட்டின் களப்பணியாளர்கள் பலர் கரேன் சமூகத்தினர். 1925-இல் பர்மாவிலிருந்து காட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்டு மாயாபந்தர் பக்கம் வெபி முதலிய ஊர்களில் குடியேறியவர்களின் வழியில் வந்தவர்கள். படகு ஓட்டுவது, ஓதம் பார்ப்பது, தடத்தைப் பார்த்து எந்த ஆமை என்று சொல்வது எல்லாம் அவர்களுக்குக் கைவந்தது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஆசிரியர்களில் இவர்களே முதன்மையானவர்கள் என்பது என் உறுதியான கருத்து. தமிழ் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தாலும், எல்லோருக்கும் பொதுமொழி இந்திதான். நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள். வயதில் மூத்தவர்களை ‘அங்கிள்’ என்று கூப்பிடுங்கள். சமையலில் கை கொடுங்கள், படகை இழுக்கும்போது முதலில் இறங்குங்கள். உங்கள் ஆய்வறிக்கையில் அவர்கள் பெயரை எழுத்துப் பிழையில்லாமல், அவர்களிடமே கேட்டுப் போடுங்கள்.

திரும்பும்போது

பதிவுத்தாள்களை அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். மூலத்தாள் நிலையத்துக்கு; நகல் உங்களுக்கு. தரவு யாருடையது, அதை வைத்து நீங்கள் கட்டுரை எழுதலாமா என்பதைப் போன முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் ஹட் பே கப்பல் நாள்கணக்கில் நின்றுபோகும். சென்னை விமானத்துக்கு முன் மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டே டிக்கெட் எடுங்கள். பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையில் வைக்காதீர்கள்; விமான நிலையத்தில் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.