பண்ணை வேலையே பள்ளிக்கூடம்: அயர்லாந்து எல்லைப்புற விவசாயிகளின் அனுபவம்

விவசாயத்துக்கு உபதொழில் என்றதும் கறவை மாடு, கோழி, பட்டுப்புழு, தேனீ ஆகியவையே நம் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் சிறு விவசாயிகள் சிலர் வேறொரு உபதொழிலையும் மேற்கொண்டு வருகிறார்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூன்று நான்கு பேரைத் தம் பண்ணைக்கு வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து அன்றாட வேலைகளைச் செய்கிறார்கள். வருகிறவர்கள் கூலியாட்கள் அல்லர். அறிவுசார் குறைபாடு உடையவர்கள், மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள், வெகுகாலம் வேலையின்றி வீட்டோடு முடங்கிவிட்டவர்கள் ஆகியோர் வருகிறார்கள். அவர்கள் அங்கே கற்பது பயிர்த்தொழில் மட்டுமல்ல. நேரத்துக்கு எழுந்திருப்பது, வீட்டை விட்டு வெளியே வருவது, அறியாதவரோடு பேசுவது, எடுத்த வேலையை முடிப்பது ஆகிய வாழ்க்கைப் பழக்கங்களையும் கற்கிறார்கள். இந்தச் சேவைக்கு விவசாயிக்குக் கட்டணம் உண்டு. இதனைச் சமூகப் பண்ணையம் என்கிறார்கள்.

இம்முறை எப்படி நடைபெறுகிறது, யார் பணம் தருகிறார்கள், அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்பவற்றை அயர்லாந்தின் அனுபவத்தைக் கொண்டு இவ்வாரம் பார்ப்போம்.

பணம் வரும் வழி

1957-ல் ஆறு நாடுகள் ரோம் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஐரோப்பிய சமூக நிதி என்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆரம்பத்தில் வேலை இழந்த தொழிலாளருக்குப் புதுத் தொழில் கற்பிப்பதே அதன் முக்கிய வேலை. பின்னர், பல காரணங்களால் ஒதுங்கியோ ஒதுக்கப்பட்டோ கிடப்பவர்களை ஊரோடு சேர்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பாயிற்று. 2021 முதல் 2027 வரையிலான காலத்துக்கு இந்நிதிக்குச் சுமார் 9,900 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அதில் குறைந்தது கால் பங்கு இவ்வாறு சேர்த்துக்கொள்ளும் பணிக்கே செலவாக வேண்டும் என்பது விதி. இதைத் தவிர, நாட்டு எல்லைகளின் இருபுறமும் உள்ள பகுதிகளுக்காக 1990-ல் இன்டர்ரெக் என்ற திட்டமும், கிராம வளர்ச்சிக்காக 1991-ல் லீடர் என்ற திட்டமும் தொடங்கப்பட்டன.

இந்தப் பணம் நேராக விவசாயி கைக்கு வருவதில்லை. அரசாங்க இலாகா, பல்கலைக்கழகம், வட்டார வளர்ச்சி அமைப்பு போன்றவை சேர்ந்து ஒரு திட்டம் தீட்டி, நிதி கேட்டு வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் நடத்துகின்றன. திட்டத்துக்குத் தொடக்கத் தேதி உண்டு. முடிவுத் தேதியும் உண்டு. இந்த இரண்டாவது தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருபது பண்ணைகள்

அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. மற்றப் பகுதி தனிக் குடியரசு. இரண்டுக்கும் நடுவே ஓடும் எல்லையை ஒட்டிய வட்டாரங்களில் பல ஆண்டுகள் கலவரம் நீடித்தது. 1998-ல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, ஐரோப்பிய நிதியை இருபுறமும் சேர்த்துச் செலவிட ஒரு பொது அமைப்பு உண்டாயிற்று.

லெய்ட்ரிம் போன்ற எல்லைப்புற வட்டாரங்கள் மழை மிகுந்தவை. களிமண் பூமி, தண்ணீர் வடியாது. புல்லும் கோரையும்தான் செழித்து வளரும். ஆகவே மாடும் ஆடும்தான் பிழைப்பு. 2020-ம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி குடியரசில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 33 எக்டேர், அதாவது 80 ஏக்கருக்குச் சற்று அதிகம். நம் கண்ணுக்கு இது மிராசுதார் நிலமாகத் தோன்றும். ஆனால் புல் மட்டுமே விளைகிற அந்த நிலத்தின் வருமானத்தைக் கொண்டு மட்டும் குடும்பம் நடத்த இயலாமல், வெளிவேலைக்கும் போய்வருகிற விவசாயிகள் அங்கு ஏராளம்.

இந்த வட்டாரங்களில் 2011 முதல் 2014 வரை இன்டர்ரெக் நிதியில் ஒரு சமூகப் பண்ணையத் திட்டம் நடைபெற்றது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம், லெய்ட்ரிம் வளர்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தின. எல்லையின் இருபுறமும் இருபது குடும்பப் பண்ணைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவை இதற்கென்றே கட்டிய விடுதிகள் அல்ல. எப்போதும் போல் மாடு கன்று வளர்த்துவரும் சாதாரணப் பண்ணைகள். சமூகப் பண்ணையத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. பயிற்சிக்காக ஏற்படுத்திய செயற்கை வேலை என்றால் வருகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். கன்றுக்கு உண்மையில் பசிக்கிறது, பால் கொடுத்தாக வேண்டும் என்றால் அந்த வேலைக்கு வேறு மதிப்பு.

ஒரு நாள் வேலை

காலையில் வந்ததும் முதலில் தேநீர். அன்றைக்கு என்ன வேலை, யார் எதைச் செய்ய விரும்புகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். விருப்பம் இல்லாத வேலையைச் சுமத்துவதில்லை. கன்றுக்குப் பால் காட்டுவது, கோழிக்குத் தீனி போட்டு முட்டை பொறுக்குவது, காய்கறிப் பாத்தியில் களை எடுப்பது, வேலி செப்பனிடுவது, விறகு அடுக்குவது என்று பருவத்துக்கு ஏற்ப வேலை மாறும். நடுப்பகலில் எல்லோரும் பண்ணை வீட்டுச் சமையலறை மேசையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பறித்த காயை அவர்களே நறுக்கிச் சமைப்பதும் உண்டு.

இதில் பாடம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். முட்டை பொறுக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்க வேண்டும்; கையை மென்மையாக நீட்ட வேண்டும்; எண்ண வேண்டும்; உடையாமல் கொண்டு வர வேண்டும்; வந்ததும் கை கழுவ வேண்டும். அட்டையில் அடுக்கி விற்பதானால் கணக்கும் பேச்சும் வரும். ஆண்டுக்கணக்கில் பகல்நேர மையத்தின் நான்கு சுவர்களுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு, இவற்றைச் செய்தால் ஒரு பொருள் கைக்கு வருகிறது, செய்யாவிட்டால் கோழி பட்டினி கிடக்கும் என்பது பெரிய வேறுபாடு. இதுவரை பிறர் அவரைக் கவனித்து வந்தார்கள். இப்போது அவர் ஒரு ஜீவனைக் கவனிக்கிறார். அவருக்கு என்ன நோய், என்ன குறை என்பதும் கோழிக்குத் தெரியாது.

இது நமக்குப் புதிதா என்று சிலர் எண்ணக்கூடும். எந்தக் கிராமத்திலும் ஒரு வீட்டில் சற்றே மந்தமான ஒருவர் மாடு மேய்த்துக்கொண்டு குடும்பத்தோடு இருப்பார். உண்மைதான். ஆனால் அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அயர்லாந்துத் திட்டத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஒவ்வொருவரும் எதைக் கற்க வந்திருக்கிறார் என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஒருவர் தனியாகப் பஸ் ஏறிவர விரும்பலாம். இன்னொருவருக்கு நாலு பேரோடு பேசிச் சிரித்தாலே போதும்.

விவசாயிக்கும் பயிற்சி உண்டு

விவசாயி வைத்தியரோ ஆசிரியரோ ஆகிவிட வேண்டியதில்லை. இருந்தாலும் சில முன்னேற்பாடுகள் கட்டாயம். குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று போலீஸ் சரிபார்க்க வேண்டும். விபத்து இன்ஷூரன்ஸ் வெளியாட்களுக்கும் செல்லுபடியாகுமா என்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பொறுமையாக, ஒரு சமயத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லிக்காட்டும் முறையைப் பயிற்சி வகுப்பில் கற்க வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. காளையிடமும், புதிதாகக் கன்று ஈன்ற பசுவிடமும் வருகிறவர்களை விடலாகாது. ஓடும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டின் அருகே நிற்கவும் கூடாது. கன்றின் தோலிலிருந்து படர்தாமரை மனிதருக்குத் தொற்றும். ஆகவே சாப்பாட்டுக்கு முன் சோப்பால் கை கழுவுவது விதி. அந்நாட்டில் குளிர்காலத்தில் மாடுகளைக் கொட்டகையில் அடைத்து வைக்கிறார்கள். சாணமும் மூத்திரமும் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்ந்து குழம்பாகிவிடும். வயலுக்குப் பாய்ச்சுவதற்காக அதைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதல் அரை மணி நேரம் மிகவும் ஆபத்தானது. சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே தொட்டி கலக்கும் வேலையையும் வெளியாட்கள் வரும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளவே கூடாது.

முடிவுத் தேதிக்குப் பிறகு

2014-ல் திட்டம் முடிந்தது. இவ்விதத் திட்டங்கள் பலவும் அறிக்கை அச்சிட்டதோடு மறைந்துபோவது வழக்கம். இங்கே அவ்வாறு நேரவில்லை. குடியரசில் விவசாய இலாகாவின் உதவியோடு, லெய்ட்ரிம் வளர்ச்சி நிறுவனத்தின் தலைமையில், நாடு முழுவதற்கும் ஓர் அமைப்பு ஏற்பட்டது. வட அயர்லாந்திலும் உள்நாட்டு விவசாய இலாகா கைகொடுத்தது. 2020-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதை நினைத்தால், உள்நாட்டு ஏற்பாடு முன்கூட்டியே அமைந்தது நல்லதாயிற்று.

ஆனாலும் கட்டணம் என்ற கேள்வி ஓயவில்லை. வருகிறவர்கள் வேலை செய்கிறார்களே, விவசாயிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு வேறு விதமானது. தனியாக ஒரு காலைப்பொழுதில் முடிக்கிற வேலிக்கு நான்கு பேரோடு சேர்ந்து செய்தால் முழு நாளும் போய்விடும். விவசாயி விற்பது அந்த நாளைத்தான். கட்டணம் இல்லையென்றால் இது தர்மமாகிவிடும். நெருக்கடி வந்த ஆண்டில் முதலில் நிற்பதும் அதுவே.

நெதர்லாந்தில் 1998-ல் சுமார் 75 ஆக இருந்த பராமரிப்புப் பண்ணைகள் பத்தாண்டுகளில் ஆயிரத்தை நெருங்கியதற்கு முக்கியக் காரணம் பணம் வந்த விதம். நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்பீட்டுச் சட்டப்படி, உதவி தேவைப்படுகிறவர் பெயருக்கே ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு அவர் தமக்குப் பிடித்த பண்ணைக்குக் கட்டணம் செலுத்தினார். 2015-ல் இப்பொறுப்பில் பெரும்பகுதி நகராட்சிகளுக்கு மாறியதும், ஒவ்வொரு நகராட்சியோடும் தனித்தனியே பேரம் பேசும் நிலை விவசாயிகளுக்கு ஏற்பட்டது. இத்தாலி சட்டத்தின் வழியே போயிற்று. 1978-ல் மனநோய் மருத்துவமனைகளை மூடச் சட்டம் செய்த அந்நாடு, 1991-ல் சமூகக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு சட்டம் இயற்றியது. வேலை தருவதற்காக அமைந்த சங்கங்களில் தொழிலாளரில் குறைந்தது 30 சதவிகிதம் பேர் இத்தகைய பின்தங்கிய நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். 2015-ல் சமூகப் பண்ணையத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்தது.

இன்னொரு முடிவுத் தேதியும் இருக்கிறது. அது பண்ணைக்கு வருகிறவருடையது. அவருக்கு ஒதுக்கிய வாரங்கள் ஒரு நாள் முடிந்துவிடும். தான் பால் காட்டிய கன்றும் சந்தைக்குப் போயிருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால், கிடைத்த தைரியம் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடக்கூடும். ஆகவே அனுபவமுள்ள விவசாயிகள் ஆரம்பத்திலிருந்தே அவரை வெளியிலும் அழைத்துப் போகிறார்கள். தீவனக் கடைக்கும் மாட்டுச் சந்தைக்கும் கூட்டிப் போய், அங்கே நாலு பேரிடம் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி வைக்கிறார்கள். பண்ணைக்கு வருவது நின்ற பிறகும் கடைத்தெருவில் அவரைக் கண்டால் நின்று பேச அந்த நாலு பேர் இருப்பார்கள்.