தொழிற்பயிற்சியில் எழுத்தறிவை அளவிடுதல்

பெங்களூரு-ஓசூர் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை அடுத்துள்ளது சந்தாபுரா. இத்தகைய தொழில் வட்டாரங்களில் பள்ளிப் படிப்பை இழந்தோருக்குத் தொழிலையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிக்கும் முயற்சி புதிதன்று. 1967இல் பம்பாயில் முதல் ஷ்ரமிக் வித்யாபீடம் தோன்றியது. 2000இல் இந்நிறுவனங்கள் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் எனப் பெயர் பெற்றன.

கற்போரின் முன்னேற்றத்தை அளக்க, 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவுகோல் வகுத்தது: நிமிடத்திற்கு 30 சொற்களை உரக்கப் படித்தல், சொல்லக் கேட்டு 5 சொற்கள் எழுதுதல், 100 வரை எண்களை அறிதல், பின்னமில்லாத எளிய கணக்குகள் செய்தல். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு, படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண் அளிக்கிறது.

ஆனால், பின்னமின்றித் தொழில் இல்லை. தையல் பயிலும் பெண் அளவு நாடாவில் முக்கால் அங்குலத்தைப் பிழையின்றிக் குறிப்பார். அதையே தாளில் எழுதத் தயங்குவார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் கன்னட வினாத்தாளைக் கொடுத்தால், எழுத்துத் தடுமாற்றம் கணக்கறியாமையாகத் தோன்றும். இதனால் தேர்ச்சிக்குரியவர் தோல்வியுற்றவராகிப் பயிற்சியைக் கைவிட நேரிடலாம்.

ஆகவே மூன்று நெறிகள் தேவை. ஒன்று, சேர்க்கையின்போதும், பயிற்சியின் இடையிலும், முடிந்து சில மாதங்கள் கழித்தும் அளவிடல். இரண்டு, வாய்க்கணக்கையும் எழுத்துக்கணக்கையும் தனித்தனியே மதிப்பிடல். மூன்று, அளவு நாடா, சம்பளச் சீட்டு போன்ற தொழிற்பொருள்களையே வினாவாக்கல். சம்பளச் சீட்டிலுள்ள மிகைநேர ஊதியத்தைத் தொழிலாளி தாமே சரிபார்ப்பதுதான் பயிற்சியின் உண்மையான தேர்ச்சி.