பேட்டரி வண்டி வேலைக்கு ஒரு பழைய சைக்கிள் பாடம்

புதுக்கோட்டைப் பக்கம் பேட்டரி வண்டித் தொழிலில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் சேரலாம்?" என்பதுதான். கோர்ஸுக்கு வருகிறேன். அதற்குமுன் இந்த மாவட்டத்திலேயே 1991-ல் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புகை விடாத ஒரு வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த கதை அது.

அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தது. பெண்களுக்குப் பாடம் சொல்ல பெண் தொண்டர்கள் உள்கிராமங்களுக்குப் போயாக வேண்டும். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். அதனால் எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. தொண்டர்கள், பள்ளி ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், குவாரியில் கல்லுடைத்த பெண்கள் எனப் பலரும் பழகினார்கள். சைக்கிள் வாங்கக் கடனுக்கு வழிசெய்தார்கள். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் தனிப் பொறுப்பு கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்ட வரச்சொல்லி அழைக்கும் பாட்டு கிராமங்களில் ஒலித்தது. பொது நிகழ்ச்சிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார்.

வேலை தேடுகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கற்றுக்கொடுக்க ஒருவர், கடனுக்கு ஒருவர், கேலி பேசுகிறவர்கள் நடுவே கூட நிற்க நாலு பேர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால்தான் அந்த வண்டி நிலைத்தது. இன்று பேட்டரி ஸ்கூட்டரை ஷோரூமில் எளிதாக வாங்கிவிடலாம். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? உங்கள் வேலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இப்போது படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு அரசு ஐடிஐதான் நல்ல வாசல். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, விலையில்லா சைக்கிள் எல்லாம் உண்டு. மின்வாகன மெக்கானிக் பிரிவு அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வருந்த வேண்டாம், இரண்டாண்டு எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேருங்கள். என் கணிப்பில் பெட்ரோல் இன்ஜின் மட்டும் தெரிந்தவரைவிட மின்சாரம் தெரிந்தவர் இந்தத் தொழிலுக்குச் சீக்கிரம் பழகுவார். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் புதிய தொழில்நுட்பக் கூடங்கள் வந்திருக்கின்றன. அங்கே சேர முடிந்தால் இன்னும் நல்லது.

கையில் பழக வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்கூட்டரின் பின்சக்கரத்திலேயே மோட்டார் இருக்கும் வகையில், அதிலிருந்து மூன்று தடித்த வயர்களும் ஐந்து மெல்லிய வயர்களும் வெளியே வரும். தடித்தவை மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும். மெல்லியவை ஹால் சென்சாருக்கானவை. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லும். ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி ஓடாமல் உதறுகிறதா? "பேட்டரி போச்சு" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைக்காதீர்கள். முதலில் அந்த மெல்லிய வயர்களையும் கனெக்டரையும் பாருங்கள். பேட்டரியை முதலில் சோதிக்க மல்டிமீட்டர் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஒரு செல் 3.2 வோல்ட். பதினாறு செல்லை வரிசையாக இணைத்தால் 51.2. முழுச் சார்ஜில் 58.4 வரை ஏறும். இந்தக் கணக்கு வாயில் வந்துவிட்டால் நேர்காணலில் பாதி வேலை முடிந்தது.

பயமும் வேண்டும். மோதிரம், செயின், வளையலைக் கழற்றாமல் பேட்டரிப் பெட்டியில் கை வைக்காதீர்கள். உப்பிய பேட்டரியையோ தொட்டால் சுடும் பேட்டரியையோ கடைக்குள் ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. திறந்தவெளியில் தனியே வையுங்கள். செல்லைப் பிரித்து மாற்றும் வேலையை முறையாகப் பயிலாமல் எடுக்கவே எடுக்காதீர்கள், யார் வற்புறுத்தினாலும்.

படித்ததும் உடனே கடை போடலாமா? நான் வேண்டாம் என்பேன். ஓசூரில் டிவிஎஸ், ஏதர் ஆலைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை, முழுக்கப் பெண்களே நடத்துவதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். ஆலையிலோ ஏதாவது சர்வீஸ் சென்டரிலோ இரண்டு வருஷம் இருந்தால் ஒழுங்கு, அளவு, பாதுகாப்பு மூன்றும் பழகும். அங்கே இருக்கும்போதே பழுது, காரணம், சரிசெய்த விதம் என்று தினம் நோட்டில் எழுதுங்கள். சம்பளம் பேசும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் மேஜைமேல் வைக்கலாம்.

ஊர் திரும்பிக் கடை போடும்போது 1991-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்காதீர்கள். பக்கத்து மகளிர் குழுவிடம் பேசுங்கள், கடனுக்கு வங்கி மேலாளரைப் பாருங்கள், உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஐடிஐ ஆசிரியரின் நம்பரைத் தொலைக்காதீர்கள். பழைய மெக்கானிக் அண்ணனைப் போட்டியாக எண்ணாமல் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். பிரேக்கும் டயரும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னொரு செய்தி. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள், நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. வண்டியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். உங்கள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் அக்காவிடம் முதலில் கேளுங்கள்: என்ன ஏற்றுவீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், ராத்திரி சார்ஜ் எங்கே போடுகிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பேனரை எடுங்கள்.