முயலிறைச்சியும் உடல்நலமும்

உடம்பை வளர்ப்பது உணவேயாம். எனினும், உண்ணத்தக்கது இது, தகாதது இது என வரையறுத்துக் கூறுதல் அத்துணை எளிதன்று. ஒரு பொருளிற் சத்து மிகுதியாக உள்ளதென்று கேட்டவுடனே, அதனை எத்துணை உண்பினும் நன்மையே விளையுமென எண்ணுதல் மக்களியல்பு. அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய்தற்கு முயலிறைச்சி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். என்னை? கொழுப்புக் குறைந்ததென்றும் எளிதிற் செரிப்பதென்றும் பலராலும் புகழப்படுவது அது. அதனையே வயிறு நிறைய உண்டும் பட்டினியால் மெலிந்தாரும் உளர். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம் என்பதனையே இக்கட்டுரைக்கண் யாம் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், முயலென்று யாம் கூறுவது எதனை என்பதனைத் தெளிதல் வேண்டும். தமிழில் முயல் என்னும் ஒரு சொல்லே இருவகை விலங்கினைக் குறிக்கின்றது. ஒன்று, வெளியிலும் புதரிலும் வாழ்வது; அதன் குட்டி உடலில் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். மற்றொன்று, வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டி மயிரின்றிக் கண் மூடிய நிலையிற் பிறக்கும். மேனாட்டார் இவ்விரண்டனையும் வேறுவேறு பெயரால் வழங்குவர். கூண்டிலிட்டு வளர்க்கப்படுவன யாவும் வளைமுயலின் வழிவந்தனவே. அவற்றின் தாயகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய நிலப்பகுதியாம். நம் நாட்டுக் காடுகளில் ஓடுவது முன்னையது. அதனை வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் குற்றமாகும். ஆதலின், நம்மவர் உணவிற்கு உரியது வளர்ப்பு முயலே. கொடைக்கானல் மலையைச் சார்ந்த மன்னவனூரில் நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையமொன்று இறைச்சிக்குரிய முயலினங்களைப் பேணி வருகின்றது.

இனி, இவ்விறைச்சியின் இயல்பினை நோக்குவாம். வளர்ப்பு முயலின் பச்சையிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும், 5 அல்லது 6 கிராம் கொழுப்பும் உள. அதனாற் பெறுவது ஏறத்தாழ 136 கலோரி. காட்டில் ஓடித் திரியும் முயலின் தசையிலோ புரதம் 22 கிராமை எட்டும். கொழுப்பு 2 கிராமிற்குச் சிறிதே மிகும். கலோரி 114 அளவினதாகும். மாச்சத்து இரண்டினும் இல்லை. உடம்பின் தசையைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் புரதமேயாதலின், இவ்வகையில் முயலிறைச்சி உயர்ந்த உணவென்பதில் ஐயமில்லை.

குருதியும் நரம்பும் செம்மையுற வேண்டப்படும் பி12 என்னும் உயிர்ச்சத்தும் இதன்கண் நிரம்ப உண்டு. வளர்ந்த ஒருவருக்கு ஒருநாளைக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக 100 கிராம் இறைச்சியிலேயே அது கிடைக்கின்றது. புல்லும் தழையும் தின்னும் விலங்கிற்கு இச்சத்து எவ்வாறு வாய்த்தது? முயலின் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் வாழும் நுண்ணுயிர்கள் இதனை ஆக்குகின்றன. அப்பையினின்று வெளிப்படும் மென்மையான உருண்டைகளை முயல் மீட்டும் உண்டு, அவற்றின் சத்தினைத் தன் உடம்பிற் சேர்த்துக்கொள்கின்றது. அருவருப்பாகத் தோன்றும் இச்செயலே அதன் ஊட்டத்திற்கு ஒரு காரணமாதல் வியப்பன்றோ?

ஆயினும், முயலுக்கு நிகர் முயலே என்று கூறுதல் மிகைபடக் கூறலாம். கொழுப்பு நீக்கிய ஆட்டுத்தசையும், தோல் நீக்கிய கோழியிறைச்சியும் புரதத்திலும் கொழுப்பிலும் இதற்கு அணித்தே நிற்பன. ஆதலால், முயலிறைச்சி நல்லிறைச்சிகளுள் ஒன்று என்பதே நேர்மையான கூற்று. பிணி தீர்க்கும் மருந்து என்பதன்று.

இனி, இதன் மறுபுறத்தைக் காண்பாம். கனடா நாட்டின் வடபாற் காடுகளில், குளிர்காலத்தில் வெண்ணிறம் பெறும் ஒருவகை முயல் உண்டு. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது அளவிறந்து பெருகிப் பின் அருகும். ஏனைய வேட்டை கிடையாத குளிர்காலங்களில், அக்காட்டு மக்களுள் முயலொன்றையே உண்டு காலங்கழிக்க நேர்ந்தாரும் இருந்தனர். வடதுருவப் பகுதிகளில் பல்லாண்டு வாழ்ந்தவரும், 1879-இற் பிறந்து 1962-இல் மறைந்தவருமான வில்யால்மர் ஸ்டெபான்சன் என்னும் நாடாய்வாளர் அன்னாரது நிலையை விளக்கியுள்ளார். முயலை மட்டும் உண்பவர் முதற்சில நாட்களில் மேன்மேலும் மிகுதியாக உண்ணத் தொடங்குவர். ஒரு கிழமை கழியுமுன் உணவின் அளவு மும்மடங்கு நான்மடங்காகும். வயிறு புடைத்திருக்கும், பசியோ தீராது. பின்னர்க் கழிச்சலும் தலைவலியும் சோர்வும் வந்து சேரும். கொழுப்பு கிடைப்பின் பிழைப்பர்; கிடையாதாயின் சில கிழமைகளில் இறத்தலும் கூடும். இந்நிலைக்கு முயற்பட்டினி என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆங்கு, கொழுப்பு மிக்க மீனும் பீவர் என்னும் நீர்விலங்கும் பெற்றவர்க்கு இத்துன்பம் இல்லை. எனவே, குற்றம் முயலின்கண் உள்ள யாதோ ஒரு நஞ்சினால் அன்று. அதன்கண் இல்லாத ஒன்றினாலேயே என்பது போதரும்.

இதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காண்பாம். நாளொன்றுக்கு 2400 கலோரி வேண்டும் ஒருவர் காட்டு முயலை மட்டுமே உண்பதாகக் கொள்வோம். அவர் இரண்டு கிலோவிற்கு மேற்பட்ட இறைச்சியை உண்ணல் வேண்டும். அதிலுள்ள புரதமோ 450 கிராமிற்கு மேற்படும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உண்மையில் வேண்டும் புரதம் நாளொன்றுக்கு 50 கிராம் அளவினதே. ஆகவே அவர் உண்டது ஒன்பது மடங்காயிற்று! கடுங்குளிரில் உழைப்பவர்க்கோ 2400 கலோரியும் போதாது. மிகுந்த புரதத்தை உடம்பு எரிபொருளாகக் கொள்ளும்பொழுது அம்மோனியா உண்டாகின்றது. அந்நஞ்சினை ஈரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. இவ்வேலைக்கு ஓர் எல்லையுண்டு. ஒருநாளைக்கு உண்ணும் கலோரியில் மூன்றிலொரு பங்கிற்குச் சிறிது மிகுதியான அளவே புரதத்தினின்று கொள்ளத்தக்கதென அறிஞர் கணிப்பர். காட்டு முயலிறைச்சியிலோ ஐந்தில் நான்கு பங்கு கலோரி புரதத்தினின்றே வருகின்றது. ஆதலின், வயிறு நிறைந்திருப்பினும் உடம்பு தனக்கு வேண்டும் வலிமையைப் பெறாது வாடுகின்றது.

இக்கூற்று பின்னர் மருத்துவமனையிலும் சோதிக்கப்பட்டது. 1928-இல் நியூயார்க் நகரத்துப் பெல்வ்யூ மருத்துவமனையில், ஸ்டெபான்சனும் கார்ஸ்டன் ஆண்டர்சன் என்பவரும் மருத்துவர் மேற்பார்வையில் இறைச்சியுணவு மட்டும் உண்ணும் ஆய்விற்கு உடன்பட்டனர். தொடக்கத்தில் ஸ்டெபான்சனுக்குக் கொழுப்பில்லாத தசை மட்டுமே அளிக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளே அவருக்குக் குமட்டலும் கழிச்சலும் கண்டன. கொழுப்புச் சேர்த்து அளித்தவுடன் அவை நீங்கின. அதன்பின் இருவரும் கொழுப்பும் இறைச்சியுமாகவே ஓராண்டு உண்டனர்; உண்ட கலோரியில் முக்காற் பங்கிற்கு மேல் கொழுப்பினின்றே வந்தது. இச்சோதனை கொண்டு சோற்றையும் கீரையையும் விட்டொழிக்க வேண்டுமென்று எவரும் கருதற்க. கொழுப்பற்ற இறைச்சி தனித்து நின்று உடம்பைத் தாங்காது என்னும் அளவே நாம் இங்குக் கொள்ளற்பாலது.

நூலறிவு இங்ஙனம் நிலைநாட்டிய உண்மையை அடுக்களையறிவு முன்னரே கண்டிருந்தது என்பதே எம்மை மகிழ்விக்கின்றது. முயலை விரும்பி உண்ணும் நாட்டார் அதனைத் தனியே உண்டிலர். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் பாயெல்லா என்னும் சோறு புகழ்பெற்றது; அதில் அரிசியோடு முயலும் கோழியும் அவரையும் ஆலிவ் எண்ணெயும் சேர்கின்றன. மால்ட்டா தீவினர் முயலைப் பூண்டும் திராட்சை மதுவும் தக்காளியும் இட்டு நெடுநேரம் வேகவைத்து, ரொட்டியோடோ மாவுணவோடோ உண்பர். பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை இறைச்சி பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. அப்பங்கீட்டில் அடங்காத முயல், பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. அவர்களும் அதனைக் கிழங்கோடும் காய்கறியோடும் சேர்த்தே சமைத்தனர்.

நம் நாட்டு உணவுமுறையும் இதற்கு முற்றும் பொருந்துவதே. நல்லெண்ணெயில் தாளித்து, தேங்காய் அரைத்துவிட்டு ஆக்கிய முயற்குழம்பைச் சோற்றோடு உண்பவர்க்கு முயற்பட்டினி என்னும் அச்சமே வேண்டா. முயலிற் குறைந்த கொழுப்பை எண்ணெயும் தேங்காயும் தரும். இல்லாத மாச்சத்தைச் சோறு தரும். தசையிற் பெரும்பாலும் இல்லாத சி உயிர்ச்சத்தையும் நார்ப்பொருளையும் கீரையும் காயும் தரும். கொழுப்புக் குறைந்த இறைச்சியாதலின் விரைந்த தீயில் வறண்டு கடினமாகும். குழம்பிலிட்டு மெல்லத் தீயெரித்து வேகவைத்தலே ஏற்றது.

சில எச்சரிக்கைகளும் இன்றியமையாதன. துலரீமியா என்னும் தொற்றுநோயின் கிருமி 1911-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டுலேரி மாவட்டத்து அணில்வகையொன்றிற் கண்டறியப்பட்டது. மேனாடுகளில் காட்டு முயலைக் கையுறையின்றி உரிப்பார்க்கு இந்நோய் தொற்றுவதுண்டு. நோயுற்றதாகத் தோன்றும் முயலை, வளர்ப்பு முயலேயாயினும், உணவிற்குக் கொள்ளற்க. இறைச்சியின் உள்ளும் புறமும் 71 பாகை செல்சியசு வெப்பம் எய்துமாறு நன்கு வேகவைத்தல் வேண்டும். மூட்டுகளில் உப்புத் தங்கி வருந்தும் கீல்வாத நோயினரும், சிறுநீரகம் பழுதுற்றோரும், ஏனைய இறைச்சிகளைப்போலவே இதனையும் மருத்துவர் கூறும் அளவிலேயே உண்ணக் கடவர்.

இதுகாறும் கூறியவாற்றான் யாம் துணிவது இது: முயலிறைச்சி உடல்நலத்திற்கு ஏற்ற உணவே, ஆயின் ஏனைய உணவுகளோடு கூடிய வழியே அது ஏற்றதாம். கொழுப்பின்மை என்னும் எக்குணத்தால் அது மிகுதியாக உண்பார்க்கு நன்மை பயக்கின்றதோ, அக்குணத்தாலேயே வேறொன்றும் இல்லார்க்குத் தீமையும் பயக்கின்றது. நல்லுணவு வேறு, நிறையுணவு வேறு என்பதனை நாம் மறத்தலாகாது. இன்று ஒரு பொருளைச் சுட்டி, இதுவொன்றே போதும் உடம்பு செழிக்க என்று கூறுவார் பலர். அன்னோர் உரையைக் கேட்குந்தோறும், வடநாட்டுப் பனிக்காட்டில் வயிறு புடைத்தும் பசி தீராதிருந்த மக்களை நினைவுகூர்ந்து, இதனோடு வேறு யாது உண்ணல் வேண்டும் என வினவுவோமாக. அவ்வினாவே உணவைத் தேர்வார்க்கு உற்ற துணையாம்.