டிராக்டர் விபத்தும் மருத்துவக் குறியீடும்



ராயகிரிப் பகுதியில் நடவு தொடங்கிவிட்டால், நாற்றுக்கட்டுகளோடு ஆட்களும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிச் செல்வது வழக்கம். இடம் போதாவிட்டால் ஓரிருவர் மட்கார்டில் அமர்வர். வண்டி வரப்பில் ஏறிச் சாய்ந்தால் முதலில் விழுபவர் அவரே. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது நாம் என்ன சொல்லவேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

இரண்டு குறியீடுகள்

உலகச் சுகாதாரப் பேரவை 1990இல் ஏற்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் குறியீடு உண்டு. விபத்துக்கு இரண்டு குறியீடுகள் தேவை. ஒன்று காயத்தைக் குறிக்கும். தொடையெலும்பு முறிவுக்கு எஸ் 72. மற்றொன்று காயம் நேர்ந்த விதத்தைக் குறிக்கும். டிராக்டர், அதன் டிரெய்லர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றில் சென்றோர்க்கு வி 84. கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கென்றே அமைந்த வண்டிகளுக்கு வி 86.

வி 84இன் உட்பிரிவுகள்

ஓட்டுநர்: பொதுச்சாலையில் வி 84.0, வயல் போன்ற பிற இடங்களில் வி 84.5.
பயணி: சாலையில் வி 84.1, பிற இடங்களில் வி 84.6.
வண்டியின் வெளிப்புறத்தில் இருந்தவர்: சாலையில் வி 84.2, பிற இடங்களில் வி 84.7.
ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர்: வி 84.4.

டிரெய்லரில் இருந்தவர் பயணி. மட்கார்டில் இருந்தவர் வெளிப்புறத்தில் இருந்தவர். விபத்து நடந்த இடம் குறிப்பிடப்படாவிட்டால், அது சாலைக்கு வெளியே நடந்ததாகவே கொள்ளப்படும். 2022 முதல் பதினோராம் திருத்தம் உலக அளவில் நடைமுறைக்கு வந்தபோதிலும், வண்டி எது, அடிபட்டவர் யார், இடம் எது என்ற கேள்விகள் மாறவில்லை.

மறைந்துபோகும் கணக்கு

2018 ஜூன் 24 அன்று தெலங்கானாவின் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தில், வயல் வேலைக்குச் சென்ற பெண்களை ஏற்றிய டிராக்டர் மூசிக் கால்வாயில் கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். இத்தகைய மரணத்தை 'நீரில் மூழ்கியது' என்று மட்டும் எழுதினால், டிராக்டர் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். கணக்கில் வராத ஆபத்துக்குத் தடுப்பு வழியும் பிறக்காது.

மருத்துவமனையில் சொல்லவேண்டியவை

1. எந்த வண்டி? டிரெய்லர் பூட்டியிருந்ததா?
2. அடிபட்டவர் வண்டியில் எங்கே இருந்தார்?
3. நடந்த இடம் சாலையா, வயலா, கால்வாய்க் கரையா?
4. வண்டி கவிழ்ந்ததா, மோதியதா, ஆள் தவறி விழுந்தாரா? சக்கரம் ஏறியதா?

வழக்குக்கு அஞ்சி, 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்வோர் உண்டு. இது பெருந்தவறு. சக்கரம் ஏறியதை மறைத்தால், வெளியே தெரியாத உட்காயம் மருத்துவர் கவனத்துக்கு வராமலே போகலாம், உயிருக்கே ஆபத்தாகும். குறியீடு இடுவது ஆவணப் பணியாளரின் வேலை. நடந்ததை உள்ளபடி சொல்வது நம் கடமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மட்கார்டு இருக்கையன்று. அடுத்த நடவுக்குப் புறப்படும்போது, அங்கே அமர்ந்திருப்பவரை இறக்கிவிட்ட பின்னரே வண்டியை எடுங்கள்.