கச்சான் காற்றும் தேயிலையின் நீர்ச்செலவும்

ஊவா மாகாணத்தில் யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றைக் கச்சான் என்பர். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகையில் குளிர்ந்து, தன் ஈரத்தை மழையாகப் பொழிந்துவிடுகின்றது. பின்னர் மலைமுகட்டைக் கடந்து பதுளை, பசறை, வெலிமடைப் பக்கமாக இறங்கும்போது, ஒவ்வோர் 1,000 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறக்குறையப் 10 பாகை செல்சியசு வீதம் வெப்பமடைகின்றது. மேற்கே மழை பெய்துகொண்டிருக்கப் பதுளைச் சரிவுகளில் புழுதி பறப்பதன் காரணம் இதுவே.

இக்காலத்தில் தேயிலை வாடுவது மழையின்மையால் மட்டுமே எனப் பலரும் கருதுவர். அது பாதி உண்மை. நீரின் வரவு குறைவதோடு செலவும் மிகுகின்றது. அச்செலவை அளந்தறியாதவர், கன்றுகள் காய்ந்த பின்னரே நிலைமையை உணர்வர்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கே செடியின் உடலில் தங்குகின்றது. ஏனையது இலைவாய்கள் வழியே ஆவியாக வெளியேறுகின்றது. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.45 மெகாயூல் வெப்பம் வேண்டும். அதைத் தருவது பெரும்பாலும் ஞாயிற்றின் ஒளி. இலையைச் சூழ்ந்த ஆவியை அகற்றுவது காற்று. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் இணைத்தவர் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பென்மன், ஆண்டு 1948. இலைவாய்கள் காட்டும் தடையையும் அக்கணக்கில் 1965 இல் மொன்தீத் சேர்த்தார். ஆகவே வெயிலை மட்டும் பார்த்து நீர்ச்செலவை மதிப்பிடும் முறை ஊவாவுக்குப் பொருந்தாது. வெயில் ஒரே அளவாயினும், கச்சான் வீசும் நாளில் இழப்புக் கூடும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம் 1998 இல் வெளியிட்ட முறையில், 12 சென்ரிமீற்றர் உயரமான பசும்புற்றரையின் இழப்பே அளவுகோல். நன்கு படர்ந்த, நிழல் மரமற்ற தேயிலையின் இழப்பு ஏறக்குறைய அதற்குச் சமம். உதாரணமாக, ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீர் இழக்கப்படுவதாகக் கொள்வோம். அது ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 20,000 லீற்றர் ஆகும்.

இனி மண்ணின் இருப்பைப் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் ஆழ மண் செடிக்கு உதவக்கூடிய நீரை 120 மில்லிமீற்றர் அளவு தாங்குமாயின், அதில் ஐந்தில் இரண்டு பங்கையே, அதாவது 48 மில்லிமீற்றரையே, தேயிலை வருத்தமின்றி எடுக்கும். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் செலவாயின், மழை நின்று ஒன்பது பத்து நாட்களில் அது தீர்ந்துவிடும். செலவு 3 மில்லிமீற்றராயின் 16 நாட்களுக்குப் போதும். மேல்மண் அரிக்கப்பட்டு, வேர் அரை மீற்றரே இறங்கியுள்ள சரிவில் கச்சான் காலத்தில் ஐந்து நாட்களும் தாங்காது. ஒரே தோட்டத்தில் ஒரு மலை பசுமையாகவும் அடுத்த மலை கருகியும் நிற்பது பெரும்பாலும் இவ்வாழ வேறுபாட்டினாலேயே. செய்கையாளர் ஓரிரு இடங்களில் குழி தோண்டி வேரின் ஆழத்தைப் பார்த்துக்கொள்வது, மழைமானியை வாங்குவதைப் போலவே பயன்தரும்.

வருத்தம் தொடங்கியதும் செடி இலைவாய்களை ஒடுக்கிக்கொள்ளும். இழப்புக் குறையும், வளர்ச்சியும் குறையும். இதில் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. காற்று நீராவியால் நிறைவடைய இன்னும் வேண்டியுள்ள அமுக்கம் 23 மில்லிபாரைத் தாண்டும்போது, மண்ணில் ஈரமிருந்தும் கொழுந்தின் வளர்ச்சி தளர்வதை ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் கண்டறிந்துள்ளனர். பதுளையின் உயரத்தில், உலர் குமிழ் வெப்பமானி 30 பாகையும் ஈரக் குமிழ் 21 பாகையும் காட்டினால் அந்நிலை நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம். அத்தகைய நண்பகல்களில் நீர் ஊற்றுவதால் கொழுந்து பெருகும் என எதிர்பார்த்தல் வீண்.

ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசனை உண்டாவதும் இக்காலத்திலேயே. ஆகையால் கச்சானை முற்றிலும் பகையெனக் கொள்ளவேண்டியதில்லை. ஆழ வேரோடிய முதிர்செடியில் அது கொழுந்தைக் குறைத்தாலும் தரத்தை உயர்த்தும். வேரோடாத கன்றுக்கோ அது உயிராபத்து.

நிழல் மரங்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். சவுக்கு என வழங்கும் கிரெவில்லியா வெயிலையும் காற்றின் வேகத்தையும் தணிக்கும். ஆயினும் அதுவும் நீர் குடிக்கும். மேற்கூறிய தாபனத்தின் அட்டவணையில், நிழல் மரங்களோடு கூடிய தேயிலையின் நீர்ச்செலவு புற்றரையினதைவிட 15 சதவீதம் அதிகம். மண் ஆழமில்லாத சரிவில் மரத்தை நெருக்கி நடுவது நன்றன்று; காற்று வரும் பக்கத்தில் வரிசையாக நடுவதே தகும்.

இளந்தேயிலையில் செடிகள் படர்ந்து மூடாமையால், வெறுமண்ணிலிருந்தும் நீர் ஆவியாகும். இதனைப் பத்திரக்கலவையால், அதாவது வெட்டிய புல்லை மண்மேல் பரப்புவதால், பெரிதும் தடுக்கலாம். மானாப் புல், குவாத்தமாலாப் புல் ஆகியவை ஏற்றவை. ஏப்பிரல் மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே, மே மாதத்தில் இதைச் செய்து முடிக்க வேண்டும். காய்ந்த மண்ணை மூடுவதால் பயன் சிறிது. தண்டின் அடியை ஒட்டாமல் நான்கு விரல் இடம் விடுக. களைகளும் நீர் குடிப்பவையே. ஆயினும் சரிவில் அவற்றைச் சுரண்டியால் செதுக்கினால் மேல்மண்ணும் உடன் போய்விடும். ஆகவே அவற்றைக் கையால் பிடுங்கியோ கத்தியால் அறுத்தோ, விதை முற்றுமுன் கன்றுகளுக்கிடையே பரப்பிவிடுக.