தலைக்கு மேல் நிற்கும் பாறை

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அடிக்கடி பேருந்தில் செல்கிறேன். சாலைக்கு மேல் தொங்கும் பாறைகளின் அபாயத்தை முன்கூட்டியே அறிய இயலுமா?

பதில்: இன்ன பாறை இன்ன நாளில் விழும் என்று கூறும் சாஸ்திரம் இல்லை, ஆயினும் எந்தச் சரிவு அதிக அபாயகரமானது என்று ஒப்பிட்டறியும் முறை உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்து நெடுஞ்சாலைத் துறையார் வகுத்த மதிப்பீட்டில், சரிவின் உயரம், விழும் கல்லைச் சாலையோரப் பள்ளம் தடுக்கும் திறன், பாறை வெடிப்புகளின் சாய்வு, நீர்க்கசிவு, முன்பு கற்கள் விழுந்த வரலாறு முதலியவற்றுக்கு 3, 9, 27, 81 என மும்மடங்காய் உயரும் மதிப்பெண்கள் இடப்படுகின்றன.

அவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது, மனிதர் அங்கே இருக்கும் நேரத்தைப் பற்றிய கணக்கு. நாளொன்றுக்கு 2,400 வண்டிகள், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 300 மீட்டர் நீளமுள்ள சரிவின் கீழ்ச் செல்வதாகக் கொண்டால், சராசரியாக எந்த க்ஷணத்திலும் ஒரு வண்டி அப்பாறைகளுக்கு நேர் கீழே இருக்கும். நெரிசலில் வரிசையாய் நின்றுவிட்டாலோ அபாயம் பன்மடங்காகும். அத்தகைய இடத்தில் பிரயாணிகள் இறங்கி நின்று புகைப்படம் எடுப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

நீலகிரியில் மண்ணுக்குள் புதைந்த உருண்டைப் பாறைகள், மழைநீர் சுற்றியுள்ள மண்ணை அரித்தபின் பிடிப்பிழந்து உருள்வதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், அது ஓய்ந்த மறுநாளிலும் அவசியமற்ற பிரயாணத்தை ஒத்திப்போடுங்கள். தார்ச்சாலையில் புதிதாய்ச் சிதறிய சிறு கற்களோ ஈரமண்ணோ தென்பட்டால், ஓட்டுநரிடமும் நெடுஞ்சாலைத் துறையாரிடமும் உடனே சொல்லுங்கள்.